மரம் போச்சு, தூர் நிக்குது: கடப்பாரையா, ஜேசிபியா, உப்பா, நெருப்பா?

மரம் வெட்ட வந்தவர்கள் அரை நாளில் வேலையை முடித்துவிட்டார்கள். கிளைகளைக் கழித்து, நடுமரத்தைக் கயிறு கட்டி இறக்கி, துண்டு போட்டு, குட்டியானையில் ஏற்றியாயிற்று. "தூரு?" என்று கேட்டேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே ஒருவர் சொன்னார்: "தூர் எடுக்கறது தனி ரேட்டுக்கா. இப்ப இன்னா அவசரம், அது பாட்டுக்கு நிக்கட்டும்."

அது பாட்டுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நின்றது.

எங்கள் வீடு வடசென்னையில், கொடுங்கையூரில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைத் தண்ணீர் தெருவில் நாள்கணக்கில் நின்றபோது, வாசல் வேம்பு ஒருபக்கமாகச் சாய்ந்து மாடிக் கைப்பிடிச் சுவரில் தோளைப் போட்டுக்கொண்டது. வெட்டுவதைத் தவிர வழியில்லை. மிச்சம் நின்றது இரண்டடி விட்டத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு தூர். வீட்டுச் சுவர் அதிலிருந்து ஏழடி, தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் சம்ப் ஐந்தடி கூட இல்லை. பொங்கல் முடிவதற்குள் தூரைச் சுற்றித் தளிர் கிளம்பிவிட்டது. ஒடித்துப் போட்டால் அடுத்த வாரம் இரண்டு மடங்கு. வண்டியை உள்ளே ஏற்றும் ஒவ்வொரு முறையும் என் கணவர் அதில் பெடலை இடித்துக்கொண்டு அதைத் திட்டுவார், அப்புறம் என்னைத் திட்டுவார்.

அந்த இடத்தில் தளம் போட்டு இரண்டு வண்டி நிறுத்த ஷெட் கட்டுவது என்று முடிவானதும் விசாரிக்க ஆரம்பித்தேன். பத்துப் பேரிடம் கேட்டால் பத்து வழி. கல்லுப்பு கொட்டு என்றார் ஒருவர். பெருங்காயத்தைத் துளை போட்டு வை என்றார் மாமியார். ஜேசிபி வந்தால் அரை மணி நேரம் என்றார் எதிர்வீட்டு அண்ணன். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்து என்று சொன்னவரும் உண்டு. எல்லாவற்றையும் கேட்டு, சிலதைச் செய்தும் பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: தூர் எவ்வளவு பெரியது என்பதை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதைச் சுற்றி ஐந்தாறு அடிக்குள் மண்ணுக்கடியில் என்னென்ன கிடக்கிறது, தூர் போன இடத்தில் அடுத்து என்ன வரப்போகிறது, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வழிகள் தானாகக் கழன்றுவிடும். நம்ம பக்கத்து வீடுகளில் இது இன்னும் முக்கியம். வீட்டோடு வீடு ஒட்டிக் கட்டி, இருக்கிற பத்தடி வாசலுக்குள்ளேயே சம்ப், மெட்ரோ வாட்டர் குழாய், பாதாளச் சாக்கடை இணைப்பு, சில இடங்களில் கரண்ட் கேபிள் என்று எல்லாவற்றையும் புதைத்து வைத்திருக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது காம்பவுண்டுக்கு உள்ளே நிற்கும் தூரைப் பற்றி. தெருவோரத்தில், நடைபாதையில் நிற்பது மாநகராட்சியுடையது. அதற்கு 1913-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குவதுதான் வழி. சொந்தக் கடப்பாரையோடு போய் நிற்க வேண்டாம். அது வேப்பந்தூராக இருந்துவிட்டால் சீக்கிரம் கூப்பிடுவது நல்லது. யாராவது ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டால் அப்புறம் அது தூர் இல்லை, அம்மன். அதை எடுப்பது வேறு கதை.

ஆள் வைத்துத் தோண்டுவது

பழைய வழி, மெதுவான வழி. ஆனாலும் வடசென்னை வீட்டு வாசலுக்கு முக்கால்வாசி இதுதான் ஒத்துவரும் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் வீட்டில் கடைசியில் இதைத்தான் செய்தோம்.

இரண்டு பேர் வந்தார்கள். கடப்பாரை, மண்வெட்டி, மண் அள்ளும் பாண்டு, இரண்டு கோடாரி. இரண்டு எதற்கு என்று கேட்டேன். ஒன்று மேலே வெட்ட, நல்லது. இன்னொன்று மண்ணுக்குள் வெட்ட, பழசு. மண்ணிலும் கல்லிலும் பட்டால் கோடாரி வாய் மழுங்கிவிடும் என்பதால் நல்லதை உள்ளே இறக்க மாட்டார்களாம். செயின் ரம்பத்தை மண் பக்கமே கொண்டுபோக மாட்டார்கள். வேரில் ஒட்டிய மணல் நிமிஷத்தில் அதன் பல்லைத் தின்றுவிடும்.

தொடங்கும் முன் மூத்தவர் தூரின் மேல் ஒரு கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். வேம்பு என்பதால். பிறகு தூரைச் சுற்றி இரண்டடி தள்ளி ஒரு வட்டம் கீறி, அந்தக் கோட்டில் பள்ளம் எடுக்க ஆரம்பித்தார்கள். தூரை ஒட்டி வெட்டிக்கொண்டே போனால் வேர் மிகவும் தடிமனாக இருக்கும். இரண்டடி தள்ளினால் அதே வேர் கைப்பருமனுக்கு இளைத்திருக்கும். அங்கே வெட்டுவது சுலபம். ஒவ்வொரு பக்கவேரையும் இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டை எடுத்துவிட்டார்கள். ஒரே இடத்தில் வெட்டினால், தூரை ஆட்டும்போது வெட்டுவாய்கள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும்.

முதல் மணி நேரத்திலேயே கடப்பாரை மெட்ரோ வாட்டர் குழாயில் இறங்கியது. குழாய் அந்தப் பக்கம் போகிறது என்று நான்தான் தப்பாகக் கை காட்டியிருந்தேன். ஆளுயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா நனைந்துபோய் நின்றார். பிளம்பர் வந்து ஒட்டுப்போட்டு முடிப்பதற்குள் அரை நாள் போயிற்று. குழாய் எங்கே நுழைகிறது, எங்கே திரும்புகிறது, சாக்கடைக் குழி மூடி எங்கே இருக்கிறது என்பதைச் சுண்ணாம்பில் கோடு போட்டுக் காட்டிவிட்டுத்தான் ஆளைத் தொடங்கச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் புத்தி அன்றைக்கு இல்லை.

இரண்டாம் நாள் மதியம் இன்னொன்று நடந்தது. இந்த வழியை நான் ஏன் சிபாரிசு செய்கிறேன் என்பதற்கு அதுதான் காரணம். மணிக்கட்டு தடிமனில் ஒரு வேர் நேராகச் சம்ப் பக்கம் போயிற்று. இளையவர் கோடாரியை ஓங்கினார். மூத்தவர் "இர்ரா" என்று நிறுத்திவிட்டுக் குழிக்குள் உட்கார்ந்தார். கொத்தனார் கரண்டியை வாங்கி வேரோடு ஒட்டிய களிமண்ணைச் சுரண்டினார். அடியில் முக்கால் இஞ்ச் பிளாஸ்டிக் குழாய். சரிசெய்த குழாய் இல்லை, சம்ப்பிலிருந்து மோட்டாருக்குப் போகும் வேறொன்று. வேர் அதன் மேல் கொடி மாதிரி ஒருசுற்றுச் சுற்றியிருந்தது. குழாய் நசுங்கவில்லை. ஆனால் வேரைப் பிடித்து இழுத்திருந்தால் குழாயும் மூட்டோடு வந்திருக்கும். "வேரு எங்க போவுதுன்னு பாத்துக்கினே வெட்டணும்க்கா, சும்மா இஸ்துட்டா எல்லாம் சேந்து வந்துடும்" என்றார். குழாயின் இரண்டு பக்கமும் வேரை வெட்டிவிட்டு, சுற்றிய துண்டை அப்படியே விட்டுவிட்டார். அது அங்கேயே மக்கட்டும். எந்த இயந்திரமும் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்காது.

மூன்றாம் நாள் தூரின் அடியில் குடைந்து, நேராக இறங்கிய ஆணிவேரை வெட்டினார்கள். வேம்புக்கு அது ஆழமாகப் போகும். முழுதும் எடுக்க வேண்டியதில்லை, மூன்றடி ஆழத்தில் வெட்டினால் போதும். பிறகு இரண்டு கடப்பாரை போட்டு நெம்பினார்கள். அசையவே இல்லை. "கட்டைய இவ்ளோ குட்டையா விட்டுட்டாங்களே" என்று அலுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் தெரிந்தது. மரம் வெட்டும்போதே, தூரையும் எடுக்கப்போகிறோம் என்றால் நாலடி உயரம் விட்டு வெட்டச் சொல்ல வேண்டும். அந்த நாலடிக் கட்டைதான் நெம்புகோல். அதன் உச்சியில் கயிறு கட்டி ஆட்டினால் வேர் தானாக முறியும். முழங்கால் உயரத் தூரில் பிடிமானமே கிடையாது. அழகாக இருக்கட்டும் என்று தரையோடு வெட்டச் சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆளுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய், மூன்று நாள், ஆக ஆறாயிரம். டீ, வடை, பிளம்பர் தனி. இது எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் தெருவில் கூடவோ குறையவோ இருக்கும். ஒரு தொகைக்கு மொத்தமாகப் பேசிவிடுவது நல்லது என்பார்கள். நான் நாள்கூலிதான் பேசுவேன். மொத்தமாகப் பேசினால் வேகமாக முடிக்கத் தோன்றும், வேகமாக முடிக்கப் பார்த்தால் குழாய் போகும்.

ஜேசிபி

எதிர்வீட்டு அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஜேசிபிக்கு இது அரை மணி நேர வேலைதான். ஆனால் அரை மணி நேரத்துக்கு வாடகை வாங்க மாட்டார்கள், குறைந்தது இரண்டு மணி நேரம் என்றுதான் பேசுகிறார்கள். அப்படிப் பார்த்தாலும் ஆள் கூலியைவிடக் குறைவாகவே வந்தது. காசு மட்டும்தான் கணக்கு என்றால் அதுதான் ஜெயிக்கும்.

இடைஞ்சல் வேறு இடத்தில். நாம் சாதாரணமாகப் பார்க்கும் மஞ்சள் வண்டியின் அகலம் ஏழடிக்கு மேல், எடை ஏழெட்டு டன். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளிலும் ராயபுரத்துக் குறுக்குத் தெருக்களிலும் ஆட்டோ எதிரே வந்தாலே ஒருவர் பின்வாங்க வேண்டியிருக்கிறது. அகலத் தெருவாக இருந்து வண்டி வாசல்வரை வந்தாலும், சம்ப் மூடி அந்த எடையைத் தாங்குவதற்காகப் போட்டதில்லை. செப்டிக் டேங்க் மேல்தளமும் அப்படித்தான். மினி வண்டிகள் இருக்கின்றன. மூன்று டன் ரகம் ஏறக்குறைய ஐந்தடி அகலம். கேட் அகலமாக இருந்தால் உள்ளே நுழையும். தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய இடைஞ்சல், ஜேசிபி வேரை வெட்டாது, பிடுங்கும். வேர் எங்கே போயிருக்கிறதோ அதுவரை மண்ணைக் கிளப்பிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்கு அடியில் போயிருந்தால் அதையும். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகப் போட்ட ஆழமில்லாத பழைய அஸ்திவாரங்கள் நம்ம ஏரியாவில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். பொதுச்சுவரில் ஒரு விரிசல் விழுந்தால், தூர் எடுத்த காசைப்போல் பத்து மடங்கு செலவு, அதற்குமேல் ஆயுசுக்கும் சண்டை.

ஜேசிபிதான் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் இடம் ஒன்று உண்டு. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறீர்களா? தூருக்கென்று தனியாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அஸ்திவாரம் தோண்ட வரும் வண்டியே அதைக் கையோடு எடுத்துப் போட்டுவிடும். ஒப்பந்தம் பேசும்போது ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். மாதவரம், புழல் பக்கம் காலி மனையாக வாங்கியவர்களுக்கும் இதேதான்.

இரண்டுக்கும் நடுவே, கையால் சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக் போட்டு இழுப்பது என்று ஒரு வழி சொல்வார்கள். வேரையெல்லாம் வெட்டிய பிறகு தூரைக் குழியிலிருந்து தூக்க அது நல்ல உதவி. வெட்டாத வேரோடு இழுக்க வேண்டாம். இரும்புச் சங்கிலி அறுந்தால் எங்கே போய் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு முனையைக் கேட் தூணில் கட்டுகிறேன் என்று வந்தால் ஆளை மாற்றுங்கள்.

அரைத்துத் தள்ளும் மெஷின்

வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். கார்பைடு பல் வைத்த சக்கரம் சுற்றி, தூரைச் சீவிச் சீவித் தூளாக்கும். தரைக்குக் கீழே அரை அடி முதல் ஓர் அடிவரை இறங்கும். தள்ளிக்கொண்டு போகும் சின்ன ரகம் மூன்றடிக் கேட்டில் நுழைந்துவிடும், சுவர் அதிராது. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் விசாரித்த மரம் வெட்டுபவர்கள் ஒருவரிடமும் அது இல்லை. கிடைத்தாலும் எனக்கு உதவியிருக்காது. சக்கரம் மேல்பகுதியைத்தான் அரைக்கும். கீழே வேர் அப்படியே இருக்கும், அது மக்க மக்க மேலே போட்ட தளம் உள்வாங்கும். புல்தரையோ பூச்செடியோ வைப்பவர்களுக்கு இது போதும். அப்போதும் மரத்தூளை அள்ளி எடுத்துவிட்டு மண் போட வேண்டும். பச்சை மரத்தூள் மக்கும்போது மண்ணிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக்கொள்வதால் செடி வெளுத்துப்போகும்.

உப்பு, பெருங்காயம், மருந்து

எல்லாரும் ஆசைப்படும் வழி இது. துளை போட்டு எதையோ வைத்துவிட்டால் தூர் தானாகக் காணாமல் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. இதில் இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தூரைச் சாகடிப்பது ஒரு வேலை. செத்த தூரை மக்க வைப்பது இன்னொரு வேலை. உப்போ களைக்கொல்லியோ முதல் வேலையைச் செய்யும், அவ்வளவுதான். செத்த தூர் அங்கேயேதான் நிற்கும், முன்னைவிடக் கொஞ்சம் காய்ந்துபோய்.

கல்லுப்பை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தூரைக் கொல்லும் அளவுக்கு உப்புக் கொட்டினால் சுற்றியுள்ள மண்ணும் கெடும், அடுத்து ஒரு செம்பருத்திகூட வராது. மழையில் கரைந்து தூண் கம்பியருகே இறங்கினால் துருப்பிடிக்கும். கடலோரத்து வடசென்னையிலும் மீஞ்சூர்ப் பக்கமும் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். அதன் தலையில் இன்னொரு மூட்டை எதற்கு? எப்சம் உப்பு அந்த அளவுக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் அதை நம்பி இருக்கவும் முடியாது. ஈரத்தை உறிஞ்சித் தூரைக் காய வைக்கப் பார்க்கும். தளிர்க்கும் வேம்புக்கு அது பற்றாது. மாமியாரின் பெருங்காயத்தையும் வைத்துப் பார்த்தோம். மூன்று வாரம் வாசல் முழுக்கச் சாம்பார் வாசனை, நாலாம் வாரம் தளிர்.

கிளைபோசேட் களைக்கொல்லியைப் புதிதாக அறுத்த வெட்டுவாயில் உடனே தடவினால் வேர்வரை போய்த் தளிர்ப்பை நிறுத்தும். வெட்டிப் பல நாள் ஆன, காய்ந்த வாயில் தடவினால் உள்ளே இறங்காது. ஆனால் 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவின்படி, பூச்சிக் கட்டுப்பாட்டு வேலை செய்பவர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். கடையில் வாங்கிவந்து நாமே ஊற்றும் சரக்கு இல்லை. ஆசிட், மயில்துத்தம் ஊற்றச் சொல்பவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. குழந்தையும் நாயும் நடமாடும் வாசல் அது.

மக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் வழி எளிது, விலையும் மலிவு. ஒரு இஞ்ச் துளைகளை முக்கால் அடி ஆழத்துக்கு நெருக்கமாகப் போட்டு, யூரியாவோ பழைய சாணிக் கரைசலோ ஊற்றி, ஈரச் சாக்குப் போட்டு, மேலே மண்ணைக் குவித்து, அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். மரத்தைத் தின்பது காளான். அதற்கு ஈரமும் தழைச்சத்தும் வேண்டும், மரத்தில் தழைச்சத்து குறைவு, அதைத்தான் நாம் கொடுக்கிறோம். வெடியுப்பு வைக்கச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். முருங்கையும் மயிற்கொன்றையும் சீக்கிரம் குழைந்துவிடும். வேம்பும் புளியும் வருஷக்கணக்கில் இழுக்கும். காத்திருக்க முடிந்தவர்களுக்கு நல்ல வழிதான். எங்களுக்கு ஷெட் கட்டும் மேஸ்திரி நாள் குறித்துவிட்டிருந்தார்.

நெருப்பு பற்றி இரண்டே வரி. திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்கின்றன, தோட்டக் கழிவும் அதில் சேர்ந்ததுதான். அதைவிட, தூரில் வைத்த தீ மேலே அணைந்தமாதிரி தெரிந்தாலும் வேர் வழியாக நாள்கணக்கில் கனன்றுகொண்டே போகும். அந்த வழியில் உங்கள் பிளாஸ்டிக் குழாயும் கேபிளும் இருக்கின்றன. குப்பைமேட்டுப் புகையைச் சுவாசித்தே பழகிப்போன எங்கள் ஊரில் இன்னொரு புகை வேண்டாம்.

எடுக்காமலே விடுவது

இதையும் ஒரு வழியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் இதுதான் புத்திசாலித்தனம்.

பெரியப்பா வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். பின்கட்டுச் சுவரோடு ஒட்டி ஓர் அரசமரம். மரத்தை வெட்டிவிட்டார்கள், தூர் பாதி மண்ணில், பாதி சுவரில். "தோண்டி எடுத்துடலாமா?" என்று பெரியப்பா கேட்டபோது வந்த கொத்தனார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வேரே செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வேரை எடுத்தால் சுவரும் கூடவே வரும். அப்படிப்பட்ட இடத்தில் வெட்டுவாயில் மருந்து வைக்க ஆள் கூப்பிட்டு, வரும் தளிரை வாரா வாரம் ஒடித்துப்போட்டு, வேர் சாகும்வரை காத்திருந்து, பிறகு சுவரைத் துண்டு துண்டாகச் சரிசெய்வதுதான் வழி. தளிர் ஒடிப்பது அற்ப வேலையாகத் தெரியும். இலை விடவிடாமல் செய்தால் வேரில் சேர்த்து வைத்த சத்து தீர்ந்துபோகும். ஒரு மாதம் மறந்தால் மறுபடி முதலிலிருந்து. பெரியப்பா ஓய்வு பெற்றவர். மறக்க மாட்டார்.

களிமண் பூமியில் சுவரோரப் பெரிய மரத்தை எடுப்பதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. கொளத்தூர், மாதவரம், கொடுங்கையூர்ப் பக்கத்து ஏரிக் களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். மரம் இத்தனை வருஷம் உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் இனி மண்ணிலேயே நிற்கும். மரம் போய் ஒன்றிரண்டு மழைக்காலம் கழித்துத் தரை மேலெழும்பிச் சுவரில் விரிசல் தெரியலாம். எனவே தூர் போனவுடனே விலை உயர்ந்த டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள்.

தென்னை வேறு சாதி. அதற்கு ஆணிவேரே கிடையாது. தூரிலிருந்து கயிறு கயிறாக ஆயிரக்கணக்கில் வேர் இறங்கும். வெட்டினால் துளிர்க்காது. திருவொற்றியூரில் சித்தி வீட்டுத் தென்னந்தூரை அது பாட்டுக்கு விட்டார்கள். மூன்று வருஷத்தில் உள்ளே சோறு மாதிரி குழைந்துவிட்டது. பிள்ளைகள் கடப்பாரையால் குத்தியே எடுத்தார்கள். குத்தும்போது கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன. எங்கிருந்தோ காக்காய்கள் வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டன. அவை காண்டாமிருக வண்டின் புழுக்கள். மக்கிய தென்னங்கட்டைதான் அந்த வண்டுக்குப் பிரசவ அறை, வளர்ந்தபின் பறந்துபோய்ப் பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடையும். சித்தி வீட்டு மற்ற இரண்டு தென்னைகளின் மட்டைகளும் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் ஏன் இருந்தன என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று. தஞ்சாவூர் வாடல் நோயில் செத்த தென்னையாக இருந்தால் இன்னும் மோசம். அந்தப் பூசணம் தூரிலும் மண்ணிலும் தங்கி அடுத்த மரத்துக்குப் போகும். ஆகவே வீட்டில் வேறு தென்னை இருந்தால் தூரை எடுத்துவிடுங்கள். ஒற்றைத் தென்னையாக இருந்து போனது என்றால், விட்டால் தப்பில்லை.

கரையானையும் மறக்கக் கூடாது. செத்த தூர் அதற்கு விருந்து. நிலைப்படியிலிருந்து ஐந்தாறு அடிக்குள் எந்தத் தூரையும் மக்கட்டும் என்று விட எனக்குத் துணிச்சல் இல்லை.

எப்போது தோண்டுவது, குழியை என்ன செய்வது

தை பிறந்து மாசி முடிவதற்குள் செய்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் களிமண் சேறாகி ஆளே நிற்க முடியாது. கடலோரத்தில் நாலடி தோண்டினால் தண்ணீர் ஊறும். சித்திரை, வைகாசியில் அதே களிமண் கல். கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும். தை, மாசியில் உள்ளே ஈரம் இருக்கும், மேலே காய்ந்திருக்கும். தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் மணலில் தோண்டுவது எந்த மாதத்திலும் சுலபம், ஆனால் குழியின் ஓரம் சரிந்துகொண்டே இருக்கும். அங்கே பள்ளத்தைச் சரிவாக அகலமாக எடுக்கச் சொல்லுங்கள், சுவரை ஒட்டி ஆழமாக இறங்க விடாதீர்கள்.

குழியில் கட்டட ரப்பிஷைக் கொட்டி மூடிவிட்டுப் போகப் பார்ப்பார்கள். அன்றைக்குச் சமமாகத்தான் தெரியும். இரண்டு மழையில் நடுவில் ஒரு கிண்ணம். வெட்டிப் போட்ட வேர்த் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, கிராவலோ மணலோ அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். நாங்கள் ஒரு மாதம் குழியை மூடிப்போட்டு, மண் இறங்கிய அளவுக்கு மறுபடி நிரப்பி, பிறகுதான் தளம் போட்டோம். மேஸ்திரி முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

வெளியே எடுத்த தூரை என்ன செய்வது என்று நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து உருட்டிக் கேட் ஓரம் நிறுத்தினோம். விறகுக் கடைக்காரர் வந்து பார்த்தார், காலால் தட்டினார், வேண்டாம் என்றுவிட்டார். வேரிடுக்கில் மண்ணும் கல்லும் இருக்கும், ரம்பத்தின் பல் போய்விடும், அறுக்கவே கூலி கட்டாது. புளியந்தூராக இருந்திருந்தால் கறிக்கடைக்குக் கட்டை ஆகியிருக்கும் என்று ஆறுதல் சொன்னார். பதினைந்து நாள் கழித்து, வேறொரு வேலைக்கு வந்த குட்டியானைக்காரருக்கு எண்ணூறு ரூபாய் கொடுத்து அதை ஏற்றி அனுப்பினோம். கூலி பேசும்போதே, எடுத்த தூரை யார் கொண்டுபோவது என்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.